பழைய மடக்கு மேசை: சரிசெய்வதா, மாற்றிக் கட்டுவதா, புதிது வாங்குவதா?

சித்தப்பா 1996-இல் ஷார்ஜா வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களில் இன்றுவரை உழைப்பது ஒரு மடக்கு மேசைதான். விரித்தால் இடுப்பளவு உயரம். மடித்தால் கதவுக்குப் பின்னால் ஒரு சாண் இடத்தில் நின்றுகொள்ளும். மேலே இரண்டு பலகைகள் இருக்கும். முன்னால் உள்ள இரண்டு கைப்பிடிகளைச் சுற்றினால் ஒரு பலகை நகர்ந்துபோய் மற்றதோடு சேரும், நடுவில் வைத்த மரத்தைத் தாடைபோலக் கவ்விக்கொள்ளும். ஸ்டிக்கர் எப்போதோ உரிந்துவிட்டது. எந்தக் கம்பெனியுடையது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

இரண்டு மழைக்காலம் அதை மொட்டைமாடியில் ஒழுகும் ஷீட்டுக்கு அடியில் விட்டுவைத்தேன். தப்பு என்னுடையது. எடுத்துப் பார்க்கும்போது தாடைப் பலகைகள் ஊறிப் பிஸ்கட்டுபோல உப்பியிருந்தன. இடது கைப்பிடி வெறுமனே சுற்றியது, பலகை நகரவில்லை. கால்கள் சேரும் இடங்களில் ஆட்டம். பலகைத் துளைகளில் நட்டு மரத்தைப் பிடிக்க உதவும் நான்கு முளைகளில் இரண்டைக் காணோம். கைப்பிடிகளோடு சுழலும் திருகுத் தண்டுகளில் செம்மண் பூசியதுபோலத் துரு.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: புதிதாக ஒன்று வாங்குவது, இருந்தபடியே சரிசெய்வது, சரிசெய்யும் சாக்கில் முன்பைவிட நன்றாக மாற்றிக் கட்டுவது, மடக்குவதையே விட்டுவிட்டு நிலையான மேசை போட்டுவிடுவது. மூன்று மாதம் யோசித்து, கடை கடையாக விசாரித்து, கடைசியில் சரிசெய்வதும் கொஞ்சம் மாற்றிக் கட்டுவதும் கலந்த ஒரு வழிக்கு வந்தேன். அதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று காரணங்களோடு எழுதுகிறேன்.

இந்த மேசையின் வேலை என்ன?

எங்கள் தெருவில் இருந்த ஆசாரிக்கு மேசையே கிடையாது. தரையில் உட்கார்ந்து, பலகையை இரண்டு பாதங்களுக்கும் இடையே இறுக்கிப் பிடித்து இழைப்புளி போடுவார். அவர் கால்விரல்கள் வேலைக்கேற்ப நகரும். நம்மூர்த் தச்சுவேலை பல தலைமுறையாக நடந்தது அப்படித்தான். அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கு அந்தப் பாதங்களின் வேலையைச் செய்து கொடுப்பதுதான் மடக்கு மேசை. அது சாமான் வைக்கும் இடமல்ல, பிடித்துக்கொள்ளும் கருவி.

இதை முதலில் உருவாக்கிய ரான் ஹிக்மனின் கதையும் அதைத்தான் சொல்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குப் போய், லோட்டஸ் கம்பெனியில் எலான் காரை வடிவமைத்தவர். 1961-இல் வீட்டில் அலமாரி செய்துகொண்டிருந்தபோது, மரத்தைத் தாங்க நல்ல நாற்காலி ஒன்றைப் பயன்படுத்தினார். ரம்பம் மரத்தோடு சேர்த்து நாற்காலியையும் அறுத்துவிட்டது. அதிலிருந்துதான் மேசையின் மேல்பரப்பே வைஸாக, அதாவது மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியாக, இருக்கட்டும் என்ற எண்ணம் வந்தது. கருவி தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் முதலில் கைவிரித்தன. அவரே செய்து விற்றார். பிறகு 1972-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் தயாரிப்பை எடுத்துக்கொண்டு, ‘வொர்க்மேட்’ என்ற பெயரில் உலகமெங்கும் கொண்டுபோனது. என்னுடையது போன்ற மேசைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

மேல்பரப்பே வைஸ், மடித்தால் காணாமல் போகும். இந்த இரண்டு குணத்தில் எதையாவது கெடுக்கிற மாற்றம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டேன். அதன்பிறகு யோசனை எளிதாகிவிட்டது.

புதிது வாங்கினால்

புதியது 3,200 ரூபாயில் கிடைக்கிறது. கடையில் இரண்டு மாதிரிகளை விரித்துப் பார்த்தேன். அட்டைப்பெட்டியில் ‘100 கிலோ தாங்கும்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது மேலிருந்து நேராக அழுத்தும் எடை. இழைப்புளியும் ரம்பமும் மேசையைக் கீழே அழுத்துவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் தள்ளுகின்றன. கடையிலேயே தாடையின் இரு முனையையும் பிடித்து நீளவாக்கில் முன்னும் பின்னும் ஆட்டினேன். புதிய மேசை, 27 வருடப் பழைய என் மேசை அளவுக்கே ஆடியது. கால் தகடு மெல்லியது. தாடைப் பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது, அடுத்த மழைக்கு அதுவும் உப்பும்.

தடித்த தகட்டோடு வரும் உயர்ந்த ரகங்களும் உண்டு, விலை இரண்டு மூன்று மடங்கு. வீட்டில் பழையது இல்லாதவர், அடிக்கடி வேலை செய்பவர், அதை வாங்கலாம். பழைய சட்டம் உறுதியாகக் கையில் இருக்கும்போது மலிவான புதிதை வாங்குவதில் பொருளில்லை.

நிலையான மேசை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனி அறையோ காரில்லாத கார் ஷெட்டோ இருந்தால் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. கனம்தான் அதன் பலம், எவ்வளவு தள்ளினாலும் நகராது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பால்கனி, அதிலும் பாதி துணி காய்வதற்கு.

முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள்

இந்த மேசையைப் புதுப்பிக்க உட்காருகிறவர்கள் முதலில் கை வைப்பது மேல்பலகையில்தான், கண்ணுக்குத் தெரிவது அதுதானே. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆடுகிற காலின்மேல் தேக்குப் பலகையே போட்டாலும் மேசை ஆடத்தான் செய்யும். முதலில் மூட்டுகளைப் பாருங்கள்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒருவர் மேசையை ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் ஆள்காட்டி விரலை இரண்டு தகடும் சேரும் விளிம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். என் மேசையில் எட்டு மூட்டுகளில் மூன்றுதான் கெட்டிருந்தன, மூன்றும் பின்கால் பக்கம்.

மூட்டுகளில் இருந்தது ரிவெட், அதாவது முனையை அடித்து நிரந்தரமாகப் பூட்டும் ஆணி. இங்கே இரண்டு வழி. வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் புது ரிவெட் அடித்துத் தருவார்கள், பழையபடியே இருக்கும், ஆனால் மறுபடி தளர்ந்தால் மறுபடி பட்டறைக்குத்தான் போக வேண்டும். போல்ட் போட்டால் வீட்டிலேயே இறுக்கிக்கொள்ளலாம். நான் போல்ட் பக்கம். ஆனால் எந்த போல்ட்டும் சரிவராது. முழுநீளமும் மரை உள்ள போல்ட்டைப் போட்டால், காலை மடக்கி விரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மரை அரம்போலத் துளையை அராவும். ஆறு மாதத்தில் துளை முட்டை வடிவமாகிவிடும். தலைக்குக் கீழே மரையில்லாத வழவழப்பான பகுதி இருக்கும் நீளமான போல்ட்டாக வாங்கி, அந்தப் பகுதி துளைக்குள் உட்காரும்படி பார்த்து, மிஞ்சும் மரையை அறுத்துவிட வேண்டும். நட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டாக இருக்க வேண்டும். ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, கால் மடங்கும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்தினால் அது அங்கேயே நிற்கும். சாதாரண நட்டு நாலு முறை மடக்கினால் கழன்று வந்துவிடும். இரண்டு தகட்டுக்கும் நடுவே ஒரு நைலான் வாஷர் கொடுத்தால் உராயும் சத்தமும் போகும்.

ஒரு துளை ஏற்கெனவே நீண்டுவிட்டிருந்தது. அதை 8 மி.மீ-இலிருந்து 10 மி.மீ-ஆகப் பெரிதாக்கி, தடித்த போல்ட் போட்டேன். போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் சேர்த்து 160 ரூபாய். இந்த மேசைக்கு நான் செய்ததிலேயே அதிகப் பலன் தந்த செலவு இதுதான்.

சுழலும் கைப்பிடி

இடது கைப்பிடி சும்மா சுற்றியதற்குக் காரணம், தாடைக்கு அடியில் திருகுத் தண்டு ஓடும் நட்டு பிளாஸ்டிக், அதன் மரை போய்விட்டது. தண்டு நன்றாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெய்யில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் பளபளவென்று வந்துவிட்டது.

அந்த நட்டு சாதாரண நட்டு அல்ல. உருளை வடிவம், தாடைக்குக் கீழே திரும்பக்கூடியபடி உட்கார்ந்திருக்கும். வலது கைப்பிடியை அதிகமாகவும் இடதைக் குறைவாகவும் சுற்றினால் தாடை சாய்வாக நின்று, ஒரு பக்கம் ஒடுங்கிய மரத்தையும் பிடிப்பது இந்தத் திரும்பும் நட்டினால்தான். ‘ஏதோ ஒரு நட்டை வெல்டிங் வைத்துவிடலாம்’ என்று ஒருவர் யோசனை சொன்னார். கேட்டிருந்தால் அந்தக் குணம் போயிருக்கும், தண்டும் வளைந்திருக்கும்.

கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கணபதியில் ஒரு பட்டறைக்குத் தண்டையும் பழைய நட்டையும் எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் தண்டின்மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, “மரை நல்லாத்தானுங்க இருக்குது. திரும்பவும் பிளாஸ்டிக் வேண்டாங்க, கன்மெட்டல்ல போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு மட்டும் போட்டீங்கன்னா ரெண்டு கையும் ரெண்டு விதமா சுத்தும். ரெண்டையும் மாத்திருங்க” என்றார். கன்மெட்டல் என்பது ஒரு வெண்கல வகை. இரண்டும் சேர்த்து 900 ரூபாய். மொத்தச் செலவில் பெரிய தொகை இதுதான். ஒன்றை மட்டும் மாற்றி 450 ரூபாய் மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “வெச்சு ஓட்டிப் பாத்துட்டு நீங்களே வருவீங்க” என்றார். இரண்டையும் மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. இப்போது இரு கைகளிலும் ஒரே கனம் தெரிகிறது.

தண்டுக்குக் கிரீஸ் தடவாதீர்கள். மரத்தூள் அதில் ஒட்டிப் பசைபோல இறுகிவிடும். மெழுகுவர்த்தியை மரையில் நன்றாகத் தேய்த்துவிட்டால் போதும்.

தாடைப் பலகை: எந்த மரம்?

நான் அதிக நாள் யோசித்தது இதைத்தான். என் மேசையின் தாடைகள் 60 செ.மீ நீளம், 25 மி.மீ கனம். பின்தாடை 14 செ.மீ அகலம், முன்தாடை 10 செ.மீ. நல்லவேளையாக இவை சிறிய பலகைகள். எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்க்குள்தான், அதனால் மலிவைத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை சமதளமாக இருக்கும், வெட்டுவதும் எளிது. ஆனால் விளிம்பில் தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பால்கனியில் வேலை செய்கிறவர் தொடவே வேண்டாம். ரப்பர் மரப் பலகை வெளிர் நிறத்தில் பார்க்க அழகு, ஆனால் ஈரத்தில் பூஞ்சையும் பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும் மரம். அறைக்குள் வைப்பவருக்குச் சரி.

என் மனம் முதலில் தேக்கில்தான் நின்றது. இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பழைய ஜன்னல் சட்டங்கள் கிடைக்கும். வருடக்கணக்கில் வெயிலும் மழையும் பார்த்து அடங்கிய மரம், இனி எளிதில் வளையாது. ஒரு சட்டத்தை இழைத்துப் பார்த்தபோது வந்த எண்ணெய் வாசனையிலேயே பாதி முடிவு செய்துவிட்டேன். பிறகுதான் முளைத் துளைகள் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தாடையிலும் 20 மி.மீ துளைகள் நீளவாக்கில் ஒரே வரிசையில் வரும். அந்த வரிசை மரத்தின் ரேகையோடு ஒரே கோட்டில் ஓடுகிறது. முளையை நட்டு ஒரு பலகையை இறுக்கும்போது, துளைக்குத் துளை ரேகையைப் பிளக்கும் விசைதான் விழும். பத்து செ.மீ அகலமுள்ள முழுமரத் தாடை என்றாவது ஒருநாள் அந்தக் கோட்டில் இரண்டாகப் பிளக்கும். தேக்கோ வேங்கையோ, எந்த மரமானாலும் இதே கதைதான்.

பிளைவுட் அப்படிப் பிளக்காது. ஒவ்வொரு அடுக்கின் ரேகையும் அடுத்த அடுக்குக்குக் குறுக்காக ஓடுவதால் விரிசல் போக வழியே இல்லை. ஐ.எஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளை தண்ணீருக்கும் தாங்கும். அதன் பலவீனம் விளிம்பில்தான். தாடையின் உள்முகத்தில் மரத்தைக் கவ்விக் கவ்வி இறுக்கினால், வெளியே தெரியும் அடுக்குகள் நசுங்கிச் சிலும்பும்.

இரண்டையும் சேர்த்துவிட்டேன். 12 மி.மீ மரைன் பிளை இரண்டை ஒட்டி உடல், கவ்வும் முகத்தில் மட்டும் 15 மி.மீ கனத் தேக்குப் பட்டை. துளைகள் எல்லாம் பிளையில், கவ்வல் எல்லாம் தேக்கில். கடையில் 25 மி.மீ பிளை முழு ஷீட்டாகத்தான் தருவார்கள், 12 மி.மீ வெட்டுத்துண்டு எந்தக் கடை மூலையிலும் கிடக்கும். தண்ணீருக்குத் தாங்கும் பசை தடவி, சமமான தரையில் காகிதம் விரித்து, மேலே நாலு சிமெண்ட் பிளாக்கை ஓர் இரவு ஏற்றிவைத்தேன். பிளைக்கு 400, தேக்குப் பட்டைக்கு 350.

கருவேலத்தில் பட்டை போடச் சொன்னார்கள். வண்டிச் சக்கரத்துக்கும் ஏர்க்காலுக்கும் போட்ட மரம், உறுதியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் கவ்வும் முகம், நாம் வேலை செய்யும் மரத்தைவிடக் கடினமாக இருந்தால் வேலை செய்யும் மரத்தில் தழும்பு விழுந்துவிடும். தழும்பு தாடையில் விழட்டும், பட்டையை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். கருவேலத்தை முளைகளுக்கு வைத்துக்கொண்டேன், கடைசல் பட்டறையில் நான்கு கடைந்து கொடுத்தார்கள், துண்டு மரம் என்பதால் காசு வாங்கவில்லை.

தேக்குப் பட்டையை ஒட்டிய பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். திருகுத் தண்டுகள் தாடையின் இரண்டு ஓரங்களில்தான் இழுக்கின்றன. நீளமான பலகையைக் கவ்வும்போது ஓரங்கள் இறுகும், நடுவில் பிடி தளரும். ஒரு காகிதத் துண்டை நடுவில் செருகி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிடும். இரண்டு ஓரங்களிலும் இழைப்புளியால் மெல்லிய சீவல்களாக எடுத்து, நடுப்பகுதி அரை மி.மீ அளவு முந்தி நிற்கும்படி விட வேண்டும். இறுக்கும்போது முதலில் நடு தொடும், பிறகு ஓரங்கள் வந்து சேரும். இப்போது என் மேசையில் அந்தக் காகிதம் கிழிகிறதே தவிர வருவதில்லை.

துளை போடும்போது இரண்டு தாடையையும் சேர்த்து இறுக்கி அளவு குறித்தால் வரிசைகள் நேருக்கு நேர் வரும். அடியில் ஒரு கழிவுப் பலகை வைக்காவிட்டால் துளையின் பின்பக்கம் பிய்ந்துவிடும். வார்னிஷ், தாடையின் அடிப்பக்கத்துக்கும் வெட்டு விளிம்புகளுக்கும் மட்டும் இரண்டு கை அடித்தேன். கவ்வும் முகத்துக்கு அடித்தால் மரம் வழுக்கும், அதை வெறுமனே விட்டுவிட்டேன்.

சேர்த்தவை, சேர்க்காதவை

மேல்பரப்பு சிறியது என்பதுதான் இந்த மேசை வைத்திருப்பவர்களின் பெரிய குறை. அதற்காகப் பெரிய பலகையை நிரந்தரமாக ஸ்க்ரூ வைத்துப் பூட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு வைஸ் போயிற்று, மடக்குவதும் போயிற்று. மிஞ்சுவது ஆடுகிற ஒரு சாதாரண மேசை. அதற்குப் பதில் 90-க்கு 60 செ.மீ பிளை ஒன்றை எடுத்து, அடியில் நடுவே ஒரு கட்டையை ஒட்டி ஸ்க்ரூ போட்டேன். வேண்டும்போது கட்டையைத் தாடைக்குள் இறக்கிக் கைப்பிடியைச் சுற்றினால் பெரிய மேசை, தளர்த்தினால் பழைய வைஸ். 18 மி.மீ போட்டால் ஆறு கிலோவுக்கு மேல் போகும், 12 மி.மீ நாலு கிலோ சொச்சம். தூக்கி வைக்கிற கை நம்முடையது என்பதால் 12 போதும் என்று எடுத்தேன். செலவு 700.

இரும்பு வைஸ் ஒன்றும் அதே முறையில்தான். அதைத் தடித்த கட்டையில் போல்ட் போட்டு வைத்திருக்கிறேன், வேலை வரும்போது கட்டையோடு கவ்விக்கொள்கிறேன். நேராகத் தாடையில் பூட்டியிருந்தால் அந்த எட்டு கிலோவையும் எப்போதும் சுமக்க வேண்டியிருக்கும்.

கவ்விகளை நகர்த்திப் பூட்ட உதவும் அலுமினியத் தண்டவாளத்தைப் பலகையில் பதிக்கும் யோசனையைக் கைவிட்டேன். 24 மி.மீ பலகையில் 12 மி.மீ ஆழம் வெட்டினால் பலகையில் பாதிதான் மிஞ்சும். சக்கரமும் வேண்டாம், நகரக் கூடாத பொருள் இது. மாறாக, டைல்ஸ் தரையில் வழுக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டயரை வெட்டிக் கால்களுக்கு அடியில் ஒட்டினேன். கனமாக இழைக்கும்போது மேசையின் கீழ்ப்படியில் ஒரு காலை வைத்துக்கொள்கிறேன். நம் எடைதான் அந்த மேசைக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த பாரம்.

பிரைமர், பெயிண்ட் 300 ரூபாய் சேர்த்து, தாடையும் மூட்டும் நட்டும் சரிசெய்ய ஆனது 2,110. மேல்பலகையோடு 2,810. மலிவான புதிய மேசையைவிட 390 ரூபாய்தான் குறைவு, அதோடு நாலு ஞாயிற்றுக்கிழமை. காசு மிச்சப்படுத்தும் எண்ணத்தில் மட்டும் இதில் இறங்க வேண்டாம். இந்த விலைக்குக் கடையில் கிடைக்காத உறுதி கிடைக்கிறது என்பதால் நான் செய்தேன், மறுபடியும் செய்வேன்.

எல்லா மேசைக்கும் இது பொருந்தாது. கால் தகடு ரிவெட் துளையைச் சுற்றி விரிந்து கிழிந்திருந்தால், அல்லது சட்டமே முறுக்கிக்கொண்டு நான்கு காலும் சமதரையில் ஒரே நேரத்தில் பதியவில்லை என்றால், பலகைக்கும் நட்டுக்கும் செலவழிக்காதீர்கள். திருகுத் தண்டுகளையும் கைப்பிடிகளையும் மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு சட்டத்தைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம். அந்தத் தண்டுகள் வீணாகாது. சுவரோரம் நிலையான மேசை போடும் வசதி வந்தால், அதன் முன்விளிம்பில் அதே தண்டுகளை வைத்து நீளமான மரவைஸ் ஒன்று கட்டிக்கொள்ளலாம்.